கொட்டகைக்கு வெளியே கேட்ட கல்யாணி

ஜீவமணி பாடக் கற்றது தூத்துக்குடிக்குப் பக்கத்து நாசரேத்தில். கோவில் பாடகர் குழுவுக்குக் கீர்த்தனை சொல்லிக்கொடுத்த வாத்தியார், ராகத்தின் பெயரையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்பார். தூத்துக்குடியில் கப்பல் கம்பெனிக் குமாஸ்தா எபனேசருக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு, பாட்டு கோவிலோடு நின்றது. வீட்டில் முணுமுணுத்தாலும் அவர் நிமிர்ந்து பார்ப்பார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்க விட்டார். ஆனால் வாசல் வரை கொண்டுவிட்டு, மாலையில் வந்து கூட்டிப்போவார். கை ஓங்கியதில்லை. எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது என்பதை மட்டும் அவர்தான் சொல்வார்.

1940 டிசம்பரில் கம்பெனி வேலையாகச் சென்னைக்குப் போனவர், அவளையும் அழைத்துப்போனார். சென்னையில் அந்த மாதம் கச்சேரிகள் நடப்பதைப் பத்திரிகையில் படித்திருந்த ஜீவமணி, ஒன்றையாவது கேட்க ஆசைப்பட்டாள்.

"கச்சேரிக்கெல்லாம் ஏதுளா நேரம்? ஊருக்குப் போனா என்ன பாத்தேன்னுதான் கேப்பாவ" என்றார் எபனேசர்.

பார்த்தார்கள். செத்த காலேஜ் என்று எல்லாரும் சொன்ன மியூசியத்தில் திமிங்கிலத்தின் எலும்பு. உயிர் காலேஜில் கூண்டுக்குள் போவதும் வருவதுமாக ஒரு புலி. ஹைகோர்ட் கலங்கரை விளக்கத்தில் மூச்சு வாங்க ஏறினார்கள். கடற்கரை மீன் காட்சிசாலையில், கண்ணாடிக்குப் பின்னால் நீந்திய மீனைக் காட்டி, "இத நாம கொழம்பு வைக்கோம்லா" என்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பி மறுபடியும் கேட்டாள். "நாளைக்குப் பாப்போம்" என்றார். மறுநாள் அவர்கள் ஊர் திரும்பும் நாள்.

அன்று பிற்பகல் ரயிலடிக்குப் போக அவர்கள் ஏறிய டிராம், ஒரு கொட்டகையை ஒட்டி மெதுவாகத் திரும்பியது. உள்ளே ஒரு பெண் கல்யாணி ராகம் பாடிக்கொண்டிருந்தாள். ஜீவமணி இறங்கிவிட்டாள்.

டிக்கெட் இல்லாதவர்கள் வெளியே மரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளும் போய் நின்றாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எபனேசர் ஓடிவந்தார்.

"என்ன காரியம்ளா செஞ்சே? ரயிலுக்கு நேரமாச்சு, வா."

"இது முடியட்டும்."

அவள் கையைப் பிடித்தார். நின்றவர்கள் திரும்பிப் பார்க்கவே விட்டுவிட்டார். வேர்த்து வழிய, கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் நின்றார். பாட்டு முடிந்தபோது ரயிலைப் பிடிக்க வழியில்லை.

ஊரில் கேட்டவர்களிடம், "மெட்ராஸ்ல தொலைஞ்சுபோயிட்டா. தேடிப் புடிக்கதுக்குள்ள ரயில் போயிட்டு" என்றார். வீட்டில் சண்டை வேண்டாம் என்று ஜீவமணி மறுக்கவில்லை. அந்தச் சொல் அவள்மேல் ஒட்டிக்கொண்டது. கடைத்தெருவுக்குக்கூட யாராவது துணைக்கு வந்தார்கள். ஓட்டப்பிடாரத்துக் கல்யாணத்துக்குத் தோழிகளோடு கிளம்பியவளை, "நீ தொலைஞ்சுபோறவ" என்று மாமியார் நிறுத்திவைத்தார். பள்ளி வாசலோடு திரும்பிய எபனேசர், வகுப்பறை வரை வரத் தொடங்கினார். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பது அவளுக்குக் கேட்கும்.

ஏழு வருஷம் கழித்து, தலைமை ஆசிரியை பிளாரன்ஸ் வீட்டுக்கு வந்தார். பெரிய வகுப்புப் பிள்ளைகளைச் சென்னைக்குக் கூட்டிப்போக ஜீவமணியைத் துணைக்குக் கேட்டார்.

எபனேசர் சிரித்தார். "இவளையா? பிள்ளைகளப் பாப்பீங்களா, இவளத் தேடுவீங்களா?"

ஜீவமணி காப்பித் தட்டைக் கீழே வைத்தாள். "நான் தொலையல டீச்சர். பாட்டு கேக்க எறங்குனேன். இவுகளும் பக்கத்துல நின்னுதான் கேட்டாவ."

பிளாரன்ஸ் எபனேசரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். ஆனாலும் சம்மதிக்கவில்லை. வேறொரு டீச்சர் போனாள்.

அதன்பிறகு அவள் தொலைந்த கதையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எங்கிருந்தாவது அழைப்பு வந்தால், "அவளுக்கு உடம்புக்கு முடியல" என்று சொல்லிவிடுவார்.