மே தினத்தன்று வேலைக்குச் சேர்ந்தவள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள் வாரா வாரம் இந்த அரைப் பக்கத்தை நிரப்புவதே அதிகம். காய்கறி மார்க்கெட், கம்பெனி பஸ், சர்ச் கொயர் என்று எழுதியதையெல்லாம் நீங்களும் பொறுத்துக்கொண்டீர்கள். இந்த வாரம் கம்ப்யூட்டர் புரோகிராம் பற்றி எழுதப்போகிறேன். உனக்கெதற்கு இதெல்லாம் என்று கேட்டால் நியாயம்தான். படித்து முடித்த பிறகும் அதையேதான் கேட்பீர்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு... நான் ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் டைம் ஆபீஸில் இருக்கிறேன். யாருக்கு எந்த ஷிப்ட், யார் லீவு, யார் எப்போது சேர்ந்தார்கள் — எல்லாம் என் டேபிள். மூன்று கான்ட்ராக்டர்கள் ஆள் அனுப்புகிறார்கள். மூன்று பேரும் தனித்தனி எக்ஸெல் ஃபைல் தருவார்கள். அவற்றை ஒன்றாக்கித் தட்டச்சு செய்ய எனக்கு இரண்டு நாள் ஆகும்.

போன வருஷம் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் இருபது வரி எழுதினேன். மூன்று ஃபைலும் அரை நிமிஷத்தில் ஒன்றாகிவிட்டன. தினமும் பெங்களூரிலிருந்து வந்துபோகும் எச்.ஆர். மேனேஜர் சார், மீட்டிங்கில் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே முந்தானையைத் திருகுகிற ஆள் நான். அன்று பஸ் ஏறி வீடு போகும்வரை அந்தக் கைதட்டல் காதிலேயே இருந்தது. இந்தப் பெருமையை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

போன திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் ஒரு லிஸ்ட் ஒட்டினோம். கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரைப் பெர்மனென்ட் ஆக்க டெஸ்ட் வைக்கிறார்கள். வியாழக்கிழமை டெஸ்ட். மூன்று வருஷத்துக்கு முந்தைய மார்ச் மாதத்துக்குள் சேர்ந்திருந்தால் கூப்பிடுவார்கள். முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. சேர்ந்த தேதி வரிசையில் எல்லார் பெயரும், நடுவில் கட்-ஆஃப் கோடுமாக லிஸ்ட்டைத் தயாரித்தது என்னுடைய இருபது வரி.

மத்தியானம் டீ டைமில் ரத்னம்மா வந்தாள். அசெம்பிளி லைனில் வேலை. தேன்கனிக்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வருபவள். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், எங்களிடம் தமிழ். இன்னும் சில மாதத்தில் முப்பத்தைந்தைத் தாண்டிவிடுவாள். இந்த டெஸ்ட்டை விட்டால் அவளுக்கு அடுத்தது கிடையாது.

"மேரிக்கா, என் பேரு கட்-ஆஃபுக்குக் கீழ இருக்குது. மே ஒண்ணாந் தேதி சேந்தேன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"மே ஒண்ணு கம்பெனியே லீவுக்கா. லீவு நாள்ல வந்தா என்னை எவரு சேத்துக்கிட்டாங்க?"

பின்னால் நின்றிருந்த அவளுடைய லைன் ஆள் ஒருவர் சொன்னார்: "மே தினத்துக்குக் கொடியேத்த வந்திருப்பே ரத்னம்மா. அதையும் அட்டெண்டன்ஸ்ல சேத்துட்டாங்க."

நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் முகம் சுடுகிறது.

"நான் ஜனவரியில சேந்தேன்க்கா. அவரைக்கா சீசன். மாங்கா சீசன் இல்ல."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இரு, பார்க்கிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொன்னது: "சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு ரத்னம்மா. கம்ப்யூட்டரு யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணாது."

அவள் கொஞ்ச நேரம் மானிட்டரின் முதுகையே பார்த்தாள். "அப்படின்னா சரியாத்தான் இருக்கும். விடுங்க" என்று போய்விட்டாள்.

சண்டை போட்டிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் அவரைக்காய் குவித்துவைத்திருந்தார்கள். ஒரு கிலோ வாங்கி உரித்து, பயிறை ஊறவைத்துப் பிதுக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது.

ரத்னம்மா வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவளுக்கு கேன்டீன் டோக்கன் இல்லை. போட்டுவைக்க வேண்டியவள் நான், மறந்துவிட்டேன். "பரவால்லக்கா, வீட்லருந்து எடுத்தாந்தேன்" என்று டிபன் பாக்ஸைத் திறந்தவள், எனக்கும் ஒரு மூடி நிறைய வைத்தாள். ராகிக் களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும். அவள் சேர்ந்த சீசனை என் நாக்கு மூன்று வருஷமாக நினைவில் வைத்திருக்கிறது. நான்தான் ஸ்கிரீனை நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஃபைலைத் திறந்தேன். அவள் பெயருக்கு நேரே கான்ட்ராக்டர் சரியாகத்தான் போட்டிருந்தார்: 05/01. ஜனவரி ஐந்து. நாமெல்லாம் அப்படித்தானே எழுதுவோம், முதலில் நாள், பிறகு மாதம்? பைத்தானுக்கு அது தெரியாது. நாம் சொல்லாவிட்டால் அமெரிக்கக்காரர்கள் மாதிரி மாதத்தை முதலில் படிக்கும். ஐந்தாம் மாதம் ஒன்றாம் தேதி. மே தினம்.

அப்படியென்றால் எல்லாருடைய தேதியும் தப்பாகியிருக்க வேண்டுமே? ஆகவில்லை. இருபத்தொன்றாம் தேதி சேர்ந்தவரை அது சரியாகவே படித்திருந்தது. இருபத்தொன்றாம் மாதம் என்று ஒன்று இல்லையே... அதனால் தானாகவே திருப்பிப்போட்டுக்கொண்டது. பன்னிரண்டு தேதிக்குள் சேர்ந்தவர்கள்தான் சத்தமில்லாமல் இடம் மாறியிருந்தார்கள். அதில் கட்-ஆஃபைத் தாண்டி விழுந்தது ரத்னம்மா ஒருத்திதான். முழுக்கத் தப்பாக இருந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பேன். பாதி சரியாக இருந்ததுதான் என்னை ஏமாற்றியது.

ஏமாற்றியது என்று எழுதுவதும் பொய். புரோகிராம் ஓடும்போது ஆங்கிலத்தில் இரண்டு வரி எச்சரிக்கை வந்தது. வாராவாரம் வந்தது. லிஸ்ட் வந்துவிட்டதே என்று நான் படிக்கவில்லை.

திருத்துவதற்கு ஒரே ஒரு வார்த்தை போதும். நாள்தான் முதலில் என்று அர்த்தம் வருகிற வார்த்தை. போட்டேன். ரத்னம்மா லிஸ்ட்டில் மேலே ஏறினாள்.

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே வேண்டியிருந்திருக்காது.

புது லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு சார் ரூமுக்குப் போனேன். "என்ன மேரி, ஏன் மாறிச்சு?" என்றார். அந்தக் கைதட்டல் மறுபடி காதில் கேட்டது.

"கான்ட்ராக்டர் ஃபைல்ல டேட் தப்பா இருந்தது சார்."

வாய் தானாகச் சொன்னது. அதை நான் திரும்பப் பெறவும் இல்லை.

சார் உடனே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் மஞ்சுநாத், ஃபைல் அனுப்புகிறவர். "ஏன்ரீ மஞ்சுநாத்..." என்று கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தார். "ஒரு டேட் ஒழுங்கா போடத் தெரியாதா உங்களுக்கு? ஜனவரி அஞ்சு, மே ஒண்ணுன்னு வந்திருக்கு. ஒரு லேடியோட பெர்மனென்ட் வேலை போயிருக்கும்."

"சார்... சாரி சார். இனிமே கரெக்டா அனுப்பறேன் சார்."

என் ஃபைலில் அப்படியா இருந்தது என்றுகூட அவர் கேட்கவில்லை. திட்டு வாங்கிப் பழகிய குரல். மேஜைக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன், கையில் ஃபைலோடு. அதில் அவர் போட்ட தேதி சரியாக இருந்தது.

வியாழக்கிழமை ரத்னம்மா டெஸ்ட் எழுதினாள். முடித்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள், டிபன் பாக்ஸோடு.

"நீங்கதான் பாத்து மாத்திக் குடுத்தீங்களாமே மேரிக்கா. சார் சொன்னாரு. உங்களுக்குப் பிடிக்குமேன்னு பிதுக்குப் பருப்பு எடுத்தாந்தேன்."

வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. "என் தப்பு ரத்னம்மா. நான் எழுதின புரோகிராம்லதான் தப்பு. உன் தேதி ஃபைல்ல சரியாத்தான் இருந்தது" என்றேன். பேசும்போது டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கே சொன்னேன்ல, மே தினம் லீவுன்னு" என்றாள். "நீங்க சிரிச்சீங்க." கோபமாகச் சொல்லவில்லை. "ஆறிடும், சாப்பிடுங்க" என்று பாக்ஸை டேபிளில் வைத்துவிட்டு லைனுக்குப் போனாள்.

சாயங்காலம் சார் கிளம்புவதற்குள் அவரிடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "சரி, மஞ்சுநாத்துகிட்ட நீங்களே பேசிடுங்க" என்றார். அவ்வளவுதான். எனக்கு இது போதாது என்று தோன்றியது. ஆனால், போன் பண்ணாமல் நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று பஸ் ஏறினேன்.

சிஸ்டம் சொல்கிறது என்று நாம் சொல்லும்போது, நம்மை யாரும் கேள்வி கேட்க முடியாத இடத்தில் போய் நின்றுகொள்கிறோம். பேங்கில், ஆஸ்பத்திரியில், ரேஷன் கடையில் எனக்கும் அதைச் சொல்லியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் எவ்வளவு எரிச்சல் பட்டிருக்கிறேன்...

மறுநாள், வெள்ளிக்கிழமை காலையில், நான் போன் பண்ணுவதற்கு முன்பே மஞ்சுநாத்திடமிருந்து இந்த வாரத்து ஃபைல் வந்தது. இனிமே கரெக்டா அனுப்பறேன் என்று சொன்னபடியே, எல்லாத் தேதியிலும் மாதத்தை முன்னால் போட்டிருந்தார்.