நாளைக்குப் புகை அளக்க வர்றோம் சார்

புகையைக் கண்டால் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போகும். சம்பளத்துக்காக ஏணியில் ஏறி அதைத் தேடிப் போகிற கூட்டம் நாங்கள்.

கெமிஸ்ட்ரி படித்தால் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஏசி அறையில் குடுவையை ஆட்டிக்கொண்டிருக்கலாம் என்று நம்பி மோசம் போன அன்பர்களே, இது உங்களுக்காக. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து, ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் பத்து வருஷமாக வேலை பார்க்கிறேன். தொழிற்சாலை பாய்லர்களில் எரிப்பதிலிருந்து என்னென்ன விஷம் வெளியே போகிறது என்று புகைபோக்கியில் ஏறி அளப்பது என் வேலை. தூசி எவ்வளவு, கந்தக வாயு எவ்வளவு, கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று எழுதி, கடைசியில் ‘நிர்ணயித்த அளவுக்கு உட்பட்டது’ என்று ஒரு வரி போட்டுக் கையெழுத்து இடுவேன். அந்த ஒரு வரியால் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

முதல் ஏற்றம்

பாகலூர் சாலையில் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனி. அட்டையை ஒட்டவும் காயவைக்கவும் நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லர் வேண்டும், பாய்லர் இருந்தால் புகைபோக்கி உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என்னை அதில் ஏறச் சொன்னார்கள். நேர்முகத் தேர்வில் “உயரம் என்றால் பயமா?” என்று கேட்டபோது “சேச்சே” என்று சொன்னவன் நான். எங்கள் ஊரில் நான் ஏறியதில் அதிக உயரமானது பஸ்ஸின் மேற்கூரை என்பதை அவர்களிடம் சொல்லவில்லை.

இரும்பு ஏணியில் பாதி ஏறியதும் கீழே பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லித் தரவில்லை. கைகள் கம்பியைப் பிடித்தது பிடித்தபடி நின்றுவிட்டன. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கெலமங்கலத்துக்காரர் மாதேஷ், அந்த பாய்லரின் ஃபயர்மேன், விறகு தள்ளிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு மேலே வந்தார். ஒரு கையால் என் பெல்ட்டைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றி, மேடையில் உட்காரவைத்து, என் பெல்ட்டின் கொக்கியைக் கம்பியில் மாட்டிவிட்டு, மூச்சு வாங்கியபடி சொன்னார்: “பொகை அதுவா மேல வந்துடுது சார். உங்களத்தான் கைப்புடிச்சிக் கூட்டிக்கினு வர வேண்டியிருக்குது.”

கல்யாணச் சாப்பாடு

அந்தக் கம்பெனியின் பெட்டிகளை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் மாதாமாதம் புகை அறிக்கை கேட்பார்கள். அதனால் மாதம் ஒரு தடவை எனக்கு அங்கே ஏற்றம்; அறிக்கையின் ஒரு பிரதி எங்கள் கூடத்திலிருந்தே நேராக அவர்களுக்குப் போகும். போவதற்கு முதல் நாள் நான் தவறாமல் போன் செய்வேன். காரணம் இருக்கிறது. புகைபோக்கியின் பக்கவாட்டில் ஒரு துளை. அதற்கு எட்டு நட்டு போட்ட ஒரு மூடி. அதைக் கழற்றினால்தான் எங்கள் குழாயை உள்ளே விட முடியும். வெயிலிலும் மழையிலும் நட்டுகள் துருப்பிடித்து இறுகிவிடும். “நாளைக்குப் புகை அளக்க வர்றோம் சார், நட்டை மட்டும் கழட்டி வைங்க” என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டால், மறுநாள் போனதும் வேலையைத் தொடங்கலாம். இந்த முன்யோசனைக்காக நானே என் முதுகைத் தட்டிக்கொண்ட நாட்கள் உண்டு.

போகும்போதெல்லாம் பாய்லர் முன்னால் ஒரே அளவில் வெட்டிய காய்ந்த தைலமரக் கட்டைகள் அழகாக அடுக்கியிருக்கும். தரை பெருக்கியிருக்கும். புகைபோக்கியின் உச்சியில் புகை இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். “பாய்லர்னா இப்படி வெச்சிருக்கணும் மாதேஷ்! மத்த கம்பெனிக்காரங்களைக் கூட்டிட்டு வந்து காட்டணும்” என்று பாராட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தேன். எதற்குச் சிரிக்கிறோம் என்று யோசிக்கிற பழக்கம் அப்போது எனக்கு இல்லை. அவர் சொன்னது இதுதான்: “மாசத்துல ஒரு நாளு இதுக்குக் கல்யாணச் சாப்பாடு சார்.”

ரோஜாத் தோட்டத்துக் கேள்வி

கம்பெனி மதிலுக்கு அந்தப் பக்கம் நாராயணப்பாவின் ரோஜாத் தோட்டம். பிளாஸ்டிக் கூரை போட்ட பசுமைக்குடில். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னைப் போன்றவர்களிடம் தமிழ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசுகிறவர். ஒருநாள் நான் இறங்கி வந்தபோது வாசலில் நின்று, மேலே என்ன ரிப்பேர் என்று கேட்டார். ரிப்பேர்காரன் என்று நினைத்ததில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விஞ்ஞானி என்று காட்ட வேண்டாமா? குழாயை எப்படி உள்ளே விடுகிறோம், விரல் உறை மாதிரி இருக்கும் வடிகட்டியில் தூசி எப்படிப் படிகிறது, அதைத் தராசில் எப்படி எடை போடுகிறோம் என்று வெயிலில் நின்று அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, கரி படிந்திருந்த தன் பிளாஸ்டிக் கூரையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார்: “எல்லாம் செரி சாமி. அளந்து முடிச்ச பொகைய எங்க கொண்டுபோயி வெப்பீங்க?”

மொட்டைமாடி

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீடு மாறினோம். ஆபீசுக்குப் பக்கம், மகள் யாழினியின் பள்ளிக்கூடத்துக்கும் பக்கம் என்று நானே அலைந்து பிடித்த வீடு. அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குக் கிழக்கே நாலாவது தெரு. வருஷத்தில் பாதி நாள் காற்று மேற்கேயிருந்துதான் வீசும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் மாதாமாதம் நானே எழுதுவது. வீடு பார்க்கப் போனபோது குழாயில் தண்ணீர் வருகிறதா, கதவு சரியாகச் சாத்துகிறதா என்றெல்லாம் பார்த்தவன், அந்த இரண்டாம் பக்கத்தை மட்டும் மறந்துபோனேன்.

குடிபோன கொஞ்ச நாளில் மாடியில் காயப்போட்ட துணியில் எல்லாம் கரும்புள்ளி. வெறுங்காலோடு மாடிக்குப் போனால் பாதம் கறுத்துவிடும். யாழினிக்கு அப்போது ஐந்து வயது. இருமல் வந்தால் லேசில் நிற்காது. என் மனைவி செல்வி அந்தக் கம்பெனியின் பக்கம் கையை நீட்டினாள். நான் உள்ளே போய்ப் பையிலிருந்து என் அறிக்கையை எடுத்து வந்து, கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினேன். நிர்ணயித்த அளவுக்கு உட்பட்டது. கீழே என் கையெழுத்து. செல்வி அதைப் படித்துவிட்டு, மாடிக் கைப்பிடிச் சுவரில் விரலைத் தேய்த்து எடுத்து, பிள்ளையின் கன்னத்தில் கறுப்பாக ஒரு பொட்டு வைத்தாள். “இனிமே திருஷ்டிப் பொட்டுக்கு மை வாங்க வேண்டாங்க. அளவுக்கு உட்பட்டதா நம்ம மாடியிலேயே கிடைக்குது.”

பெட்ஷீட் ஊறவைக்கும் நாள்

ஒருநாள் சாயங்காலம் வழக்கம்போல அந்த மேனேஜருக்குப் போன் செய்து, “நாளைக்குப் புகை அளக்க வர்றோம் சார்” என்று சொல்லி வைத்தேன். அடுப்படியிலிருந்து செல்வி எட்டிப் பார்த்து, “நாளைக்கா?” என்றாள். ஆமாம் என்றேன். அவ்வளவுதான். கம்பளி, பெட்ஷீட், ஜன்னல் திரை, தலையணை உறை எல்லாவற்றையும் உருவி எடுத்து ஊறவைத்துவிட்டாள். மறுநாள் நான் ஏணியில் ஏறி மேடையில் நின்று திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டு மாடியில் மட்டும் இல்லை. அந்தத் தெரு முழுக்க மாடிக்கு மாடி பெட்ஷீட் பறக்கிறது. ஒரு வீட்டில் வடகம்கூட பிழிந்திருந்தார்கள்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இறங்கியதும் மாதேஷைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் என்னைக் கொட்டகையின் பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார். பெயின்ட் அடித்த பிளைவுட் துண்டுகள், ரப்பர் கழிவு, கார் சீட்டுக்குள் வைக்கிற ஃபோம், ரெக்சின், பிளாஸ்டிக் ஒட்டிய அட்டை. சுற்றுவட்டாரக் கம்பெனிகள் கழித்துப் போட்டதெல்லாம் மலையாகக் கிடந்தது. தினம் பாய்லருக்குச் சாப்பாடு அதுதான். என் போன் வந்த சாயங்காலம் தார்ப்பாயை மூடி, தைலமரத்தை இறக்குவார்கள். நான் இறங்கிப் போனதும் மறுபடியும் தார்ப்பாய் திறக்கும். நட்டைக் கழற்றுவதற்காக நான் செய்த போன் நட்டை மட்டுமா கழற்றியது? பத்து வருஷமாக நான் கையெழுத்துப் போட்டது தைலமரத்துக்கு.

மானம் கப்பலேறி வீட்டுக்கு வந்தேன். படியில் கீழ்வீட்டுச் சரஸ்வதி அக்கா மடித்த கம்பளியோடு நின்றிருந்தார். முகம் மலர்ந்து சொன்னார்: “வாங்க தம்பி, நல்லா காஞ்சிடுச்சு. அடுத்த மாசம் எப்ப ஏறுறீங்கன்னு முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா, மெத்தையையும் மாடிக்கு ஏத்திடலாம்.”

டாக்டர்

இத்தனை தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? ஒன்றும் செய்யவில்லை. வாடிக்கையாளரைப் பகைத்துக்கொண்டால் முதலாளி சும்மா விடுவாரா, வேலை போனால் என்ன செய்வது என்று யோசித்தேன். யோசிப்பதில் நான் கெட்டிக்காரன்.

அடுத்த வாரம் ஒரு காலையில் யாழினிக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. ஏழு வயதுப் பிள்ளை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ளே போய் வந்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம். முகத்தில் மாஸ்க்கை வைத்து மருந்தைப் புகையாக விட்டுவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் ஏதாவது புகை உண்டா என்று டாக்டர் கேட்டார். வாய் சும்மா இருந்ததா? “ஒரு கம்பெனி இருக்கு மேடம், ஆனா அளவுக்கு உட்பட்டதுதான்” என்று சொல்லிவிட்டேன். யார் சொன்னது என்று கேட்டார். நான்தான் அளக்கிறேன் என்றேன். செல்வி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தார். “அப்படியா? உங்க பொண்ணோட நுரையீரலுக்கு அந்த ரிப்போர்ட் இன்னும் போய்ச் சேரலை போல.”

எட்டு நட்டு

அந்த மாதம் நான் போன் செய்யவில்லை. எங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். வேலை நாளில் எப்போது வேண்டுமானாலும் வந்து அளக்கலாம் என்று தெளிவாக அச்சடித்திருந்தது. பத்து வருஷத்தில் அன்றுதான் அதைப் படித்தேன். பெரிய ஸ்பேனர் இரண்டு, சுத்தியல், துருவை இளக்குகிற எண்ணெய் என்று ஒரு சாக்குப் பை நிறையக் கட்டிக்கொண்டு, என் உதவியாளரோடு காலையில் போய் நின்றேன். காவலாளிக்கு என்னை நன்றாகத் தெரியும். சல்யூட் அடித்துத் திறந்துவிட்டார். மேனேஜர் பெங்களூரில் மீட்டிங்கில் இருந்தார். புகைபோக்கியின் உச்சியைப் பார்க்கக் கண்ணைச் சுருக்க வேண்டிய அவசியமே இல்லை. கரேலென்று போய்க்கொண்டிருந்தது.

மேலே ஏறினேன். எட்டு நட்டையும் கழற்ற அரை நாளாகும், அதற்குள் யாராவது வந்து தடுத்துவிடுவார்கள் என்று பயந்துகொண்டே முதல் நட்டில் ஸ்பேனரை வைத்து முழுப்பலத்தோடு ஒரு இழு இழுத்தேன். அது எளிதாகச் சுழன்று வந்துவிட, நான் பின்னால் போய்க் கம்பியில் முட்டிக்கொண்டேன். இரண்டாவது நட்டு விரலாலேயே கழன்றது. எட்டிலும் எண்ணெய் மினுமினுத்தது. ஒன்றிலும் துரு இல்லை.

குழாயை விட்டு, அளந்து, வடிகட்டியை வெளியே எடுத்தபோது அது அடுப்புக்கரித் துண்டு மாதிரி இருந்தது. கீழே இறங்கி மாதேஷிடம் நட்டைப் பற்றிக் கேட்டேன். அந்தக் கம்பெனிக்குப் பின்னாலேயே குடியிருக்கிறவர், அந்த நெருப்பின் முன்னால் பன்னிரண்டு வருஷமாக நிற்கிறவர். முகத்தைத் துண்டால் துடைத்தபடி சொன்னார்: “நானு வாயத் தொறந்தா என் வேலை போயிடும் சார். நீங்க இந்தப் பக்கம் குடி வந்த நாள்ல இருந்து வாரா வாரம் மேல ஏறி நட்டுக்கு எண்ணெ வெச்சிக்கினு இருக்கேன். ஒரு நாளாவது போன் பண்ணாம வருவீங்கன்னு பாத்தேன்.”

முதலாளி கையெழுத்து

வடிகட்டியைத் தராசில் வைத்தால், தூசி நிர்ணயித்த அளவைப் பல மடங்கு தாண்டி நின்றது. கடைசி வரியை ‘அளவுக்கு மீறியது’ என்று எழுதுவதற்குள், பழக்க தோஷத்தில் ‘உட்பட்டது’ என்றே எழுதி இரண்டு தாள் வீணாயிற்று. அதை எடுத்துக்கொண்டு போய் எங்கள் பரிசோதனைக் கூடத்து முதலாளியின் மேஜையில் வைத்தேன். கருவி கோளாறாக இருக்குமோ என்றார். கருவி நன்றாக இருக்கிறது, இத்தனை நாள் கோளாறாக இருந்தது நான்தான் என்றேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. யாழினியின் மாஸ்க் விஷயத்தையும் சொன்னேன். அவர் கறுத்த வடிகட்டியை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். “இதுவரைக்கும் நீ அவங்களுக்குப் போன் பண்ணினே. இனிமே அவங்க நமக்குப் போன் பண்ண மாட்டாங்க.”

அப்படியேதான் ஆயிற்று. அந்தக் கம்பெனி எங்களை விட்டு வேறு பரிசோதனைக் கூடத்துக்குப் போய்விட்டது. ஆனால் அதற்குள் அறிக்கை வெளிநாட்டுக்காரர்களின் கைக்குப் போய், அவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாமல், கம்பெனிக்காரர்கள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததையெல்லாம் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்; புகையை வடிகட்டுகிற துணிப்பைகளும் பொருத்தியாயிற்று. மாதேஷ் இன்னும் அங்கேதான் இருக்கிறார். நட்டுக்கு எண்ணெய் வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. யாழினியின் இன்ஹேலர் பள்ளிப் பையில் இருக்கிறது, வெளியே எடுக்கிற நாட்கள் குறைந்திருக்கின்றன. போன செவ்வாய்க்கிழமை செல்வி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெட்ஷீட்டை ஊறவைத்தாள்.

புகையை அளக்கப் படிப்பு வேண்டும், கருவி வேண்டும், ஏணி ஏறத் தைரியமும் வேண்டும் என்றுதான் பத்து வருஷமாக நம்பியிருந்தேன். ஏறுவதற்கு முதல் நாள் சாயங்காலம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று எந்தக் காலேஜிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.