இரண்டு புள்ளடி

எங்கள் வீட்டு முன்னறைதான் தொழிற்சங்கத்தின் அலுவலகம். கலஹாவிலிருந்து மேலே ஏறும் தோட்டத்துப் பாதையில், தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருந்த வீடு. அறையில் ஒரு மேசை, நான்கு கதிரை, ஓர் அலுமாரி. அலுமாரிக்குள் சங்கத்தின் ரப்பர் முத்திரையும் ஓர் ஒலிபெருக்கியும். அப்பா செயலாளர், சித்தப்பா தலைவர். உறுப்பினர்கள் சொற்பம், கொள்கையோ ஏராளம். துண்டுப்பிரசுரத்தில் 'தொழிலாளர்' என்று போடுவதா 'பாட்டாளிகள்' என்று போடுவதா என்று அண்ணனும் தம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வாதாடி, கடைசியில் பிரசுரம் அடிக்காமலே விட்ட கதையெல்லாம் உண்டு. ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் ஒரே பாயில்தான் உட்காருவார்கள். சித்தப்பாவுக்குக் கல்யாணமாகவில்லை, எங்களோடுதான் இருந்தார். எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனவரும் அவரே. அப்பாவைவிட அவர்மேல்தான் எனக்குப் பாசம் அதிகம், அதை ஒளிப்பானேன்?

எனக்கு ஒன்பது வயதானபோது ஜனாதிபதித் தேர்தல் வந்தது. எங்கள் இடதுசாரித் தோழர் ஒருவரும் போட்டியிட்டார், மண்வெட்டிச் சின்னம். அவர் வெல்லமாட்டார் என்பது அவருக்கே தெரியும். பெரிய கட்சிகள் இரண்டில் ஒன்றின் சின்னம் குடம். அப்பா குடத்துக்குப் போடவேண்டும் என்றார். குடத்தின்மேல் அவருக்குக் காதல் ஒன்றுமில்லை. மற்றப் பெரிய ஆள் வந்துவிடக்கூடாது என்ற பயம். முன்பொருமுறை அந்த ஆட்கள் ஆட்சியில் இருந்தபோதுதான் என் மாமாவைப் பேராதனைச் சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய் மூன்று மாதம் வைத்திருந்தார்கள். திரும்பிவந்த மாமா பிறகு பஸ் ஏறவே இல்லை, எங்கே போனாலும் நடைதான்.

"நம்ம ஓட்டு நம்மள காப்பாத்தணும்டா. கொள்கைய அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

"மூணு தேர்தலா இதத்தாண்ணே சொல்றீங்க. அந்த அப்புறம் எப்பதான் வரும்?" என்றார் சித்தப்பா.

ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கு மட்டும் போடுவதென்றால் அவர் சின்னத்துக்கு நேரே ஒரு புள்ளடி, அதாவது பெருக்கல் குறி, போதும். இல்லையென்றால் ஒருவருக்கு ஒன்று என்றும் இன்னொருவருக்கு இரண்டு என்றும் இலக்கமிட்டு விருப்பத்தைக் காட்டலாம். மண்வெட்டிக்கு ஒன்று, குடத்துக்கு இரண்டு என்று போடலாமே என்று யாரோ சமரசம் சொன்னார்கள். முதலாளி கட்சிக்கு இரண்டாம் இடம் கொடுப்பதும் துரோகம்தான் என்று சித்தப்பா மறுத்தார். சனத்தைக் குழப்பினால் உள்ள ஓட்டும் கெடும் என்று அப்பாவும் மறுத்தார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒற்றுமை.

அதன்பிறகு அப்பா தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்க் குடத்துக்குக் கேட்டார். அவர் இறங்கிவந்த படியில் சித்தப்பா மண்வெட்டிக்குக் கேட்க ஏறினார். பாய் இரண்டானது. தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு சித்தப்பா தன் சட்டைகளை மடித்துப் பையில் வைப்பதைப் பார்த்துவிட்டேன். "எங்க போறீங்க?" என்று கேட்டேன். "முடிவு வரட்டும், பாப்பம்" என்றார். யார் தோற்றாலும் சித்தப்பா போய்விடுவார் என்று மட்டும் விளங்கியது.

அன்று மாலை, ஊற்று நீர் வந்து விழும் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனேன். மேட்டு லயத்துப் பெண்கள் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏன் புள்ள, ஒங்க வீட்டுல கடைசியா என்னதான் சொல்றாங்க? காலையில ஒருத்தரு, மத்தியானம் ஒருத்தரு. யாருக்குத்தான் போடுறது?" என்று அவர் கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. சங்க மேசையிலிருந்து எடுத்துப் பாவாடைக்குள் செருகியிருந்த மாதிரி வாக்குச்சீட்டையும் பென்சிலையும் எடுத்து, குடத்துக்கு நேரே ஒரு புள்ளடி, மண்வெட்டிக்கு நேரே ஒரு புள்ளடி போட்டுக் காட்டினேன். "இப்பிடி ரெண்டு பேருக்கும் போடுங்க அத்தை. அப்பாவும் சித்தப்பாவும் பேசி முடிவெடுத்துட்டாங்க" என்றேன். வாய் கூசாமல் சொன்ன பொய். இரண்டுக்கும் சமமாக விழுந்தால் யாருக்கும் தோல்வியில்லை, சித்தப்பா பையைப் பிரித்துவிடுவார் என்பது என் கணக்கு. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அத்தை அந்தச் சீட்டை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டார்.

தேர்தலன்று இரவு சித்தப்பா மண்வெட்டியின் முகவராகக் கண்டிக்கு, வாக்கெண்ணும் இடத்துக்குப் போனார். மறுநாள் மத்தியானம் திரும்பி, செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றார்.

"நம்ம பள்ளிக்கூடத்துப் பெட்டியில ஒரு கட்டு ஓட்டு செல்லாம போச்சுண்ணே. கொடத்துக்கும் மம்பட்டிக்கும் ரெண்டு புள்ளடி. எனக்கு விழ வேண்டிய ஓட்ட இப்பிடிக் கெடுத்துட்டீங்களே!"

"நானா? எனக்கு ஓட்டு விழக்கூடாதுன்னு நீ பண்ணிட்டு, எங்கிட்டயே வந்து கேக்குறியா?" என்றார் அப்பா. "நாளைக்கு நம்மள ரோட்டுல எறக்கி நிக்கவைக்கிறப்ப தெரியும்டா ஒனக்கு."

குடம் நாடு முழுக்கத் தோற்றிருந்தது. எங்கள் பெட்டியில் ஒரு கட்டு கூடினாலும் குறைந்தாலும் அது தோற்றுத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு கட்டுக்காக இருவரும் தெருவே கேட்கச் சண்டை பிடித்தார்கள். அம்மா நடுவில் போய் அழுதார். நான் அலுமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். 'நான்தான்' என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் போதும், சொல்லவில்லை. அந்தக் கோழைத்தனத்துக்காக இன்றைக்கும் என்னை நான் மன்னிக்கவில்லை.

சித்தப்பா ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு பன்விலப் பக்கம் போய்ப் புதுச் சங்கம் தொடங்கினார். முத்திரை அப்பாவிடம் நின்றது. இரண்டு சங்கத்தையும் சேர்த்தாலும் ஒரு வேன் நிறையாது. பிறகு இருவரும் பேசவே இல்லை. அப்பாவின் சாவுக்குச் சித்தப்பா வந்தார். தன் சங்கத்தின் பெயர் எழுதிய மலர்வளையத்தை வைத்தார். யாரிடமும் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு மேட்டு லயத்து அத்தை வந்திருந்தார். கண் மங்கி, பேத்தியின் கையைப் பிடித்து நடந்தார். அவரைத் தனியே உட்காரவைத்து, இத்தனை வருடம் நெஞ்சில் கிடந்ததைக் கொட்டினேன். உங்கள் எல்லாருடைய ஓட்டையும் நான்தான் கெடுத்தேன், என்னால்தான் அண்ணனும் தம்பியும் பிரிந்தார்கள் என்று அழுதேன்.

அத்தை என் கையைத் தட்டிவிட்டார்.

"அட போ புள்ள! ரெண்டு புள்ளடி போட்டா செல்லாதுன்னு எங்களுக்குத் தெரியாதா? நீ பொறக்க முந்தியே ஓட்டுப் போட்டவங்க நாங்க. அந்த வருசம் எங்க லயத்துக்குப் பின்னால மண்ணு சரிஞ்சி, புள்ளைகள கோயில்ல படுக்க வச்சிருந்தோம். ஒங்கப்பாவும் நாலு வாட்டி வந்தாரு, சித்தப்பாவும் நாலு வாட்டி வந்தாரு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தரு திட்டுனாங்களே தவிர, அந்த மண்ண ஒருத்தரும் ஏறிப் பாக்கல. அதான் ரெண்டு பேருக்கும் போட்டோம்."

அவர் அதைக் கோபமில்லாமல்தான் சொன்னார். வெற்றிலையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு பேத்தியோடு போனார்.

ஒன்பது வயதில் நான் அந்தப் பெண்களுக்கு ஓட்டுப்போடச் சொல்லிக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் சித்தப்பாவும்கூடத் தாங்கள்தான் சொல்லிக்கொடுப்பதாக நினைத்திருந்தார்கள். அப்பாவிடம் இனிச் சொல்ல முடியாது. சித்தப்பாவிடம் சொல்லலாம், பன்விலவுக்கு பஸ் இருக்கிறது. அண்ணன் துரோகம் செய்தார் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு காலம் நின்ற மனிதரிடம் போய், அது துரோகமே இல்லை, உங்கள் இருவருக்கும் அவர்கள் கொடுத்த பதில் என்று எந்த வாயால் சொல்வது? இன்னும் போகவில்லை.