கதவில் செய்த மேசை

குண்டசாலையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில், சாப்பாட்டு மேசையாகக் கிடப்பது எங்கள் பழைய வீட்டின் முன்கதவு. பூட்டு இருந்த இடத்தில் ஓர் ஓட்டை. பருக்கை விழுந்துவிடும் என்று அதன் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அடுப்படியில் சட்டிகள் அடுக்கியிருப்பது யன்னலில் இருந்த இரும்புக் கம்பிக் கிராதியின் மேல். எல்லாம் என் கணவர் செய்தவை. அவர் தச்சர் இல்லை. புசல்லாவையில் ஓர் இரும்புக் கடையில் பிணைச்சலும் ஆணியும் எடுத்துக் கொடுக்கிற வேலை. பல வருடம் அவற்றை விற்றவர், அதற்கு முன் ஒரு கதிரைக் காலுக்குக்கூட ஆணி அடித்து நான் பார்த்ததில்லை.

பழைய வீடு புசல்லாவை பஜாருக்கு மேலே, தேயிலை மலை முடிகிற இடத்தில் இருந்தது. இன்னும் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். முழுக்க இடிந்து போயிருந்தால் அழுது முடித்திருப்போம். அது சாய்ந்தபடி நிற்கிறது. பஸ்ஸில் நுவரெலியாப் பக்கம் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தால் தெரியும்.

மலை சரிந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு வாரமாக விடாத மழை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாங்கள் இருவரும் ரிவி பார்த்துக்கொண்டிருந்தோம். சத்தம் தொல்லையாக இருக்கிறது என்று மகள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. லொறியில் இருந்து கருங்கல் கொட்டுவதுபோல் பின்பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அடுப்படிச் சுவர் மேலிருந்து கீழே பிளந்தது. நான் மகளைக் கூப்பிட்டேன். அவள் உள்ளே இருந்து கதவை இழுக்கிறாள், வரவில்லை. சுவர் நகர்ந்ததில் நிலை நசுங்கிக் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இவர் தோளால் இடித்தார், உதைத்தார். அது அசையவில்லை. பிறகு வெளியே ஓடி, கடப்பாரை போன்ற அலவாங்கை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் போய், முழங்கால் அளவு சேற்றில் நின்றபடி யன்னலைக் கிராதியோடு பெயர்த்து அவளைத் தூக்கினார். நான் அவர் பின்னால் ஓடி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் அழவில்லை. அதைப் பார்த்து, பிள்ளை தைரியமானவள் என்று நினைத்தேன்.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இனி இந்த வீட்டில் இருக்கக் கூடாது, மலை இன்னும் நகர்கிறது என்றார்கள். வேறு காணி தருவதாகச் சொன்னார்கள். அந்தப் பேச்சு இன்னும் பேச்சாகவே இருக்கிறது. கண்டியில் ஒரு பல் வைத்தியரிடம் நோயாளிகளுக்கு நம்பர் கொடுக்கும் வேலை எனக்கு. அதனால் பக்கத்தில் குண்டசாலையில் ஒரு வீட்டின் மேல்மாடியை எடுத்தோம். கீழே வீட்டுக்காரம்மா இருந்தார். முஸ்லிம் பெண்மணி, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுவோம். இவர் தினமும் பஸ் மாறிப் புசல்லாவைக்குப் போய் வந்தார். வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்டால்தான் பதில் சொல்வார்.

பௌர்ணமி லீவான ஒரு போயா நாள் மாலை, சிறிய லொறி ஒன்றில் முன்கதவோடு வந்து இறங்கினார்.

"என்னங்க இது? அங்க போகக் கூடாதுன்னுதானே சொன்னாங்க?"

"நம்ம கட்டின வீடு. மழைக்கு ஊற விட்டுட்டு வரச் சொல்றியா?"

அதற்குப் பிறகு லீவு நாட்களில் எல்லாம் போனார். கதவு, யன்னல், கைமரம் என்று கழற்றிக்கொண்டு வந்தார். அவர் வந்து சேரும் வரை எனக்கு ஒரு வேலையும் ஓடாது. கடைக்கு வரும் தச்சர் ஒருவரிடம் வாளும் சீவுளியும் இரவல் வாங்கி, பின் முற்றத்தில் வைத்து அறுத்தார். முதல் மேசை ஆடியது. இருந்தாலும் அன்று இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மலை சரிந்த பிறகு அப்படிச் சாப்பிட்டது அன்றுதான். அதனால் நான் தடுக்கவில்லை. பிள்ளையை மட்டும் யாராலும் தேற்ற முடியவில்லை. படுக்கும்போது எங்கள் நடுவில் வந்து படுத்துக்கொள்வாள். அவளுக்கென்று இருந்த அறையில் துணி மூட்டைகள் கிடந்தன.

"அவளுக்கு ஒரு படிக்கிற மேசை செஞ்சு குடுத்தா அந்த ரூமுக்குப் போவா" என்றார் இவர். மற்ற எல்லாவற்றையும்விட அதற்குத்தான் அதிக நாள் எடுத்தார். தேய்த்துத் தேய்த்து வார்னிஷ் அடித்தார். மூலைகளை உருட்டிவிட்டார். எந்தப் பலகை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மேசையை அறையில் போட்டு அவளைக் கூட்டி வந்தோம். அவள் முதலில் சிரித்தாள். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புத்தகத்தை வைத்துப் பார்த்தாள். பிறகு கையை மேசைக்கு அடியில் விட்டாள். அங்கேயே கொஞ்ச நேரம் தடவினாள். முகம் மாறிவிட்டது.

"அப்பா, இது என் ரூம் கதவுதானே?"

"ஆமாம்மா. ஒன்னோட கதவுதான்" என்றார் இவர், சந்தோஷமாக.

அவள் எழுந்த வேகத்தில் கதிரை விழுந்தது. படி இறங்கி கேட் வரைக்கும் ஓடினாள். நான் பின்னால் போனபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பெருவிரல் நகத்தில் வார்னிஷ் ஒட்டியிருந்தது.

"அடியில கீறல் இருக்கும்மா. நான் கோடு போடுற அடிமட்டத்தால குத்தினது."

"சரிடா. அதான் வெளிய வந்தாச்சே."

"நான் கத்தினேன். அப்பா இடிச்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் சத்தமே இல்ல. நீங்களும் பேசல. விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

இவர் யன்னல் பக்கம் ஓடிய நேரத்தைத்தான் சொல்கிறாள். அலவாங்கைத் தேடி எடுத்து, சேற்றில் கால் புதையப் புதையச் சுற்றி வந்த நேரம். எங்களுக்கு அது அவளிடம் போய்ச் சேர்வதற்கான ஓட்டம். உள்ளே இருந்தவளுக்கு நாங்கள் இல்லாமல் போன நேரம். அவளைத் தூக்கி எடுத்த நாளில் இருந்து அன்று வரை இதைப் பற்றி நாங்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. காப்பாற்றிவிட்டோம், அத்தோடு முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

அவள் தூங்கிய பிறகு இவரிடம் சொன்னேன். "நான் ஓடிப் போனது அவளுக்காகத்தானே" என்றார். பிறகு, "சொல்லிட்டு ஓடியிருக்கலாம்" என்றார். மேசையை விடிய முன்னரே கீழே இறக்கி முற்றத்தில் வைத்துவிட்டார். உடைப்பார் என்று எதிர்பார்த்தேன், உடைக்கவில்லை. அது அங்கேயே மழையில் நனைந்து, வார்னிஷ் வெளுத்து உப்பியது. ஒரு நாள் ராத்தா அதை விறகுக்குக் கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

இரவல் வாங்கிய வாளைத் திருப்பிக் கொடுக்கும் முன் இவர் இன்னொரு வேலை செய்தார். ராத்தாவிடம் போய், "மகளோட ரூம் கதவக் கழட்டி வைக்கலாமா? நாங்க போறப்ப திரும்ப மாட்டித் தாரேன்" என்று கேட்டார்.

ராத்தா அவரையே பார்த்தார். மலை சரிந்த கதை அவருக்குத் தெரியும். "கழட்டுங்க மகன். புள்ளைய விடவா கதவு? ஒரு ஓரமா ஈக்கட்டும்" என்றார்.

பிணைச்சல்களைக் கழற்றிக் கதவை அலுமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்தார். நான் ஒரு பழைய சேலையைத் திரையாகத் தைத்துப் போட்டேன். சில கிழமை கழித்து அவள் அங்கே போய்ப் படுக்கத் தொடங்கினாள். எல்லா நாளும் இல்லை. மழை பலமாக இருந்தால் தலையணையைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்துவிடுவாள். கதவைச் சாத்த வேண்டும் என்பதால் பள்ளிக்கூடத்தில் கழிவறைக்குப் போக மாட்டாள், பின்னேரம் வீட்டுக்கு வந்தவுடன் ஓடுவாள். கண்டி ஆஸ்பத்திரியில் ஒரு வைத்தியரிடம் காட்டுகிறோம். காலம் எடுக்கும் என்கிறார்.

கொண்டு வந்த மற்றப் பலகைகள் பின் முற்றத்தில் தகரத்துக்கு அடியில் கிடக்கின்றன. கறையான் ஏறிவிட்டது. இவர் அந்தப் பக்கம் போவதில்லை, பழைய வீட்டுக்கும் போவதில்லை. ஆனால் வீட்டுக்குள் எங்கே நகர்ந்தாலும் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறார். "மகள், அப்பா குளிக்கப் போறேன்." "மகள், கடைக்குப் போயிட்டு வாரேன்." திரைக்கு அந்தப் பக்கம் இருந்து அவள் "ம்" என்று சொல்லும் வரை அங்கேயே நிற்பார்.