கலா பையில் இருந்த எக்ஸ்ட்ரா சாக்ஸ்

கலா போய்விட்டாள்.

நேற்று மத்தியானம் மாரடைப்பாம். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்துத்தான் எனக்கே தெரியும். கூட வேலை பார்க்கும் பிரேமாவுக்கு மட்டும் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார்கள்... அதிலும் எனக்கு எரிச்சல்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கலா திருப்பத்தூர் ஆபீசில் எனக்குப் பக்கத்து டேபிள். எங்கள் லேடீஸ் ட்ரெக்கிங் குரூப்பை ஆரம்பித்தவள். ஒவ்வொரு பொங்கல் லீவுக்கும், குளிர் நடுக்கும்போது, எங்களை ஜவ்வாது மலைக்கு இழுத்துக்கொண்டு போனவள்.

செத்தவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும். எழுதுகிறேன். ஆனால் எனக்கு அவள்மேல் பொறாமை. முக்கியமாக அவள் பைமேல்.

எங்கள் பையெல்லாம் கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி உப்பியிருக்கும். அவள் பை எல்கேஜி பிள்ளை பை. ஏற்றத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே போவாள். நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு, வயிறெரிந்துகொண்டு...

பை எடையைக் குறைக்கக் கிச்சன் தராசை ஆபீசுக்கே கொண்டு வந்துவிடுவாள். டூத் பிரஷ் கைப்பிடியைப் பாதியில் உடைப்பாள். டி-ஷர்ட் லேபிளை வெட்டிப் போடுவாள். படுக்கிற ஃபோம் ஷீட்டை இடுப்பளவுக்கு நறுக்கிவிட்டு, "காலுக்குக் கீழ பைய வெச்சிக்கினா போதும்டி" என்பாள். ஆனால் காய்ந்த துணியில் மட்டும் கை வைக்க மாட்டாள். படுக்கும்போது போட்டுக்கொள்ள ஒரு செட், இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள், எப்போதும் இருக்கும்.

முதல் தடவை நான் போனது ஜீன்ஸ், காட்டன் சாக்ஸ், வீட்டிலிருந்த கனத்த கம்பளியோடு. திருப்பத்தூர் வெயிலில் வளர்ந்தவளுக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும்? பனி கொட்டின புல்லில் நடந்து முழங்கால் வரை ஈரம். டென்ட் போடும்போது பல் தந்தியடித்தது. கால் விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

கலாதான் என் ஷூவைக் கழற்றினாள். "இன்னாடி இது, ஊறப் போட்ட மாரி கீது! காட்டன் நனஞ்சா காயாதுன்னு எத்தினி வாட்டி சொன்னேன்?"

தன் எக்ஸ்ட்ரா சாக்ஸை எடுத்து எனக்கு மாட்டப் பார்த்தாள். குதிகாலைத் தாண்டவே இல்லை.

என் கால் ஒன்பதாம் நம்பர். ஜென்ட்ஸ் செக்‌ஷனில்தான் செருப்பு வாங்குவேன். மாமியார் வீட்டில் இதற்கு வாங்காத பேச்சில்லை. கலாவுக்கு நாலாம் நம்பர், பொம்மைக் கால்.

"இது காலா, முறமாடி?" என்று சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் அவள் துண்டைக் காலில் சுற்றிக்கொண்டு படுத்தேன். சூடு வந்தது. கோபமும் வந்தது.

அடுத்த வருஷம் விடுவேனா? ஜென்ட்ஸ் கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி. ஆன்லைனில் இறகு அடைத்த ஜாக்கெட், அவளுடையதைவிட லைட். அவள் தராசிலேயே வைத்துக் காட்டினேன்.

"சூப்பர்டி. மேல போட ரெயின்கோட் எட்துக்கோ."

எடுக்கவில்லை. எடை கூடிவிடுமே... மலையில் தூறல் பிடித்ததும் என் ஜாக்கெட் நனைந்த கோழி மாதிரி ஒட்டிக்கொண்டது. கலா திட்டவில்லை. டென்ட்டில் என்னை நடுவில் படுக்க வைத்தாள். அது இன்னும் கடுப்பு.

அந்த வருஷம்தான் அவள் பையில் ஒரு புதுச் சுமையைப் பார்த்தேன். சாம்பல் கலரில் தடிமனான கம்பளி சாக்ஸ். அவளுடைய எக்ஸ்ட்ரா ஜோடிக்கு மேல் இன்னொரு எக்ஸ்ட்ரா.

பிரஷ்ஷை உடைக்கிறவள் இதை ஏன் சுமக்கிறாள்? "யாருக்குடி?" என்று கேட்டேன். "யாருக்குனா தேவப்படும்" என்றாள்.

ஓடையில் கால் விட்ட பிரேமாவுக்குப் போனது. அடுத்த வருஷம் சுமதிக்கு. அப்புறம் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம். எனக்கு மட்டும் ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை.

ஆனால் டென்ட் போட்டதும் முதலில் என்னிடம்தான் வருவாள். "கால் காஞ்சிருக்காடி?"

"என்னாண்ட ரெண்டு ஜோடி கீது. ஒன்னும் வாணாம்" என்பேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அவள் அந்தக் கவரை எடுத்துக்கொண்டு வேறு யாரிடமாவது போவாள்.

நேற்றிலிருந்து குரூப்பில் ஒரே சாக்ஸ் கதை. ஆளாளுக்கு "எனக்கும் குடுத்தாங்க", "எனக்கும்" என்று. படிக்கப் படிக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

பிரேமா: "லூசு லூசா கழண்டு வுழுந்துச்சு. ரப்பர் பேண்ட் போட்டுக்கினேன்."

சுமதி: "எனக்கும்தான்! கலா மேடம் சைஸ் பாக்காம வாங்கிட்டாங்க போல 😢"

சைஸ் பார்க்காமல் வாங்குகிறவளா அவள்? தராசோடு திரிந்தவள்!

இன்று ஆம்பளைகள் அவளை எடுத்துக்கொண்டு போன பிறகு, நாங்கள் வீட்டைக் கழுவிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தோம். அவள் தங்கையிடம் அந்தப் பையைக் கேட்டேன். கலா அதைப் பொங்கலுக்குக் கட்டி ரெடியாக வைத்திருந்தாள்.

அதே சாம்பல் சாக்ஸ். அதே இரண்டு கவர்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். குதிகால் சரியாகக் குதிகாலில் உட்கார்ந்தது. விரல் நுனியில் கொஞ்சம்கூட மிச்சமில்லை.

பிரேமா என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொறாமைப்படட்டும். இத்தனை வருஷம் நான் பட்டேன், இனி நீங்கள் எல்லாரும் படுங்கள்.

கழற்றவில்லை. போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

போய் வாடி கலா... கால் காஞ்சிருக்கு.