வீட்டோடு மாப்பிள்ளைக்கு ஒரு விசாரணை

எங்கள் வீட்டு வாசற்கதவின் உட்புறத்தில் ஓர் ஓலைக்குடை, ஒரு கைத்தடி, ஒரு தென்னோலைப் பந்தம் மூன்றும் எப்போதும் சாத்தியிருக்கும். கல்யாணமாகிக் கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டைக்கு வந்த புதிதில், மருமகன் மழையில் நனையக்கூடாது, இருட்டில் இடறக்கூடாது என்று மாமனாருக்குத்தான் எவ்வளவு கரிசனம் என நெகிழ்ந்துபோனேன். திருநெல்வேலிப் பக்கத்தில் யார் இதெல்லாம் செய்கிறார்கள்? பிறகுதான் மனைவி மெணிக்கா விளக்கினாள். கண்டிச் சிங்களவரில் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகிறவனைப் பெண்ணோ பெண்ணைப் பெற்றவரோ "போ" என்றால், மழையோ ராத்திரியோ, அந்த நிமிஷமே அவன் கிளம்பவேண்டும். அவன் வழியில் சங்கடப்படாதிருக்கத்தான் அந்த மூன்றும். "இப்போது யாரும் விரட்டுவதில்லை. அப்பச்சி வழக்கத்துக்கு வைத்திருக்கிறார்" என்றாள். அப்பச்சி என்பது அவள் தகப்பனார். அன்றுமுதல் அந்தக் குடையைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுகிறேன், செரிக்காமல் போனதில்லை.

இந்த வருஷம்தான் அதற்கும் சோதனை வந்தது. இலங்கைச் சர்க்கார் உத்தியோகத்திலிருக்கும் இந்தியர்களைக் கழித்துவிடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள், இரண்டு தேசத்துக்கும் ஒரே ராஜாதானே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து, ஒரு சர்க்கார் பண்டகசாலையில் கிளார்க்காக ஆணி எண்ணிக்கொண்டிருந்தேன். இங்கே பெண் கட்டி நிரந்தரமாகக் குடியிருப்பவனை மட்டும் விசாரித்து விட்டுவைப்பார்களாம். விசாரிக்கக் கச்சேரியிலிருந்து, நம் ஊர்க் கணக்கில் கலெக்டர் ஆபீஸிலிருந்து, முதலியார் ஒருவர் வந்தார்; இங்கே அது ஜாதியல்ல, உத்தியோகப் பட்டம். யாழ்ப்பாணத்துக்காரர். என்னை அந்நியனா என்று என் பாஷையிலேயே கேட்கப் போகிறார் என்பதில் எனக்கு ஒரு அற்ப ஆறுதல்.

கதிரையில் உட்கார்ந்ததும் கேட்டார்: "நீர் இஞ்சை இருந்து சாகிற ஆளோ, காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குப் போற ஆளோ?"

"சாவதற்கு இன்னும் நாள் பார்க்கவில்லை" என்றேன்.

"பகிடி வேண்டாம். கேட்டதுக்கு மறுமொழி சொல்லும்."

"இங்கேதான் இருப்பேன்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுகினம்" என்று மாமனார் பக்கம் திரும்பி, சிங்களத்தில், "உங்கள் மருமகன் இங்கே நிரந்தரமா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டுக்கு இதுவரை வந்த உத்தியோகஸ்தர் எல்லாரும் வயல் தகராறுக்காக வந்தவர்களே. இவரும் அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று மாமனார் எண்ணிவிட்டார். "இல்லை ஐயா. இந்த வீட்டில் ஒரு ஓலைகூட இவருக்குச் சொந்தமில்லை. மகள் போகச் சொன்னால் போய்விடுவார். தங்கமான மனிதர், மறுபேச்சுப் பேசமாட்டார்" என்று கதவுப் பக்கம் கையைக் காட்டினார். எனக்கு நற்சாட்சி சொல்லிவிட்ட நிறைவு அவர் முகத்தில்.

முதலியார் குடையைப் பார்த்தார்.

"நான் போகச் சொல்லமாட்டேன்" என்றாள் மெணிக்கா.

"அது உன் எண்ணம், அம்மா. சட்டம் இவருடைய எண்ணத்தைத்தான் கேட்கிறது" என்றார் முதலியார். கண்டியில் பெண் கட்டியவனின் எண்ணத்தைத் தேடி ஒரு மனிதர் வீடுவரை வந்தது அதுவே முதல் தடவை. அந்த எண்ணம் இந்த வீட்டில் செல்லாது என்று தெரிந்துகொண்டு போனார்.

வேலை போயிற்று. வேறு வேலை கேட்டுப் போன இடங்களிலெல்லாம், என்ன தெரியும் என்பதற்கு முன் எந்த ஊர் என்றார்கள். தம் நற்சாட்சிதான் வேலைக்கு உலை வைத்தது என்று மாமனாருக்குப் புரிந்தபோது அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். திருநெல்வேலியில் அண்ணன் கடை இருக்கிறது. வா என்று எழுதியிருக்கிறான். நான் அழைத்தால் மெணிக்கா வருவாள். ஆனால் பிறந்த வீட்டைவிட்டுப் புருஷன் வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு இங்கே நிலத்தில் பாத்தியதை இல்லை.

"நான் வந்தால் வயல் பெரியப்பா பிள்ளைகளுக்குப் போய்விடும். அப்பச்சி அதைப் பார்த்துக்கொண்டு உயிரோடு இருக்கமாட்டார்" என்றாள். பிறகு, "போங்கள் என்று என் வாயால் வராது. நீங்களாகப் போனால்தான் உண்டு" என்றாள்.

நேற்றுக் கண்டி ஸ்டேஷனுக்குப் போனேன். கப்பலும் சேர்த்துத் திருநெல்வேலிக்கு ஒன்று என்று பணத்தை நீட்டினேன். "போகமட்டுமா, திரும்பி வரவுமா?" என்று கேட்டார் டிக்கெட் கொடுப்பவர். சாதாரணமாக எல்லாரிடமும் கேட்பதுதான். நான் நீட்டிய பணத்தை மறுபடி எண்ணத் தொடங்கினேன். பின்னால் ஊர் திரும்பும் கலஹாத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள், தட்டுமுட்டுச் சாமான்களோடு. "அண்ணே, எடுக்கிறதுன்னா எடுங்க, இல்லேன்னா ஒதுங்குங்க. ரயிலு நமக்காக நிக்குமா?" என்றான் ஒருவன்.

ஒதுங்கினேன். பின்னிருந்தவன் என் இடத்துக்கு வந்தான், அவனுக்குப் பின்னிருந்தவர்களும் நெருங்கிக்கொண்டார்கள். வரிசையில் இடைவெளி ஏதும் தெரியவில்லை.