சுண்ணாம்பு அடிக்காத சுவர்

எழுபதுகளின் பின்பாதியில் ஆரணியில் நான் மலேரியா மருந்து அடிக்கும் வேலையில் இருந்தேன். டி.டி.டி. பொடியைத் தண்ணீரில் கரைத்து, பம்பில் ஏற்றி, வீடு வீடாகப் போய் உள்சுவரில் அடிக்க வேண்டும். ஆளைக் கடித்துவிட்டுச் சுவரில் உட்காரும் கொசு அந்த மருந்தை மிதித்துச் சாகும். இப்படித்தான் எங்களுக்குச் சொன்னார்கள். இதை நம்பித்தான் நான் சோறு தின்றேன்.

நெசவுத் தெருவில் எவனும் உள்ளே விடமாட்டான். தறியில் பட்டு நூல் பாவாக நீட்டியிருக்கும். அதில் மருந்து தெறித்தால் சேலை கெட்டுப்போச்சு என்று முதலாளி கூலியைப் பிடித்துக்கொள்வான். அந்தத் தெருவில் எனக்குத் திறந்த ஒரே கதவு என் அக்கா வீட்டுக் கதவு. அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். அதற்கு முன்னால் ஒன்று வயிற்றிலேயே போயிருந்தது. மலேரியா வந்தால் இதுவும் தங்காது என்று அவளை நான்தான் பயமுறுத்தினேன். மாமா முனகிக்கொண்டே பழைய வேட்டிகளைப் பாவின்மேல் போர்த்தினார்.

"மச்சான், ஒரு சொட்டு பட்டுச்சுன்னா உன்னையே பாவா நீட்டி நெய்ஞ்சிடுவேன்" என்றார்.

பொங்கல் வந்தது. தெருவே சுண்ணாம்பு அடித்தது. சுண்ணாம்பு மருந்தை மூடிவிடும், இந்த வருடம் அடிக்காதே என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். அவள் அடிக்கவில்லை. மருந்து வழிந்த கறையோடு சுவர் அசிங்கமாக நின்றது. எதிர்வீட்டுக்காரி வாசலிலிருந்தே கேட்டாள்.

"இன்னாடி, உங்க வூட்ல எழவா? பொங்கலுக்குக்கூட செவுத்த இப்படியே வெச்சிக்கினு கீற?"

"என் தம்பி சொல்லிக்கீறான். அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அக்கா.

மாசியில் அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. கம்பளி, சாக்கு என்று எதைப் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. ரத்தத்தைப் பார்த்ததில் மலேரியா. மாத்திரை கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். மாமா என் சட்டையைப் பிடித்தார்.

"பொடிய வயக்காட்டுக்காரனுக்கு வித்துட்டு, என் வூட்டுக்கு வெறுந்தண்ணி அடிச்சியாடா? இனிமே இந்தப் படி ஏறாத."

மருந்து அடிக்கிற எங்களைப் பற்றி ஊரே அப்படித்தான் பேசியது. அது எனக்குப் பழக்கம்தான். உள்ளே படுத்திருந்த அக்கா எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த வாரமே கொசு ஆராய்ச்சி செய்கிறவர் ஒருவர் ஜீப்பில் வந்தார். மருந்து அடித்து, மேலே சுண்ணாம்பு படாத சுவர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எனக்குத் தெரிந்து ஊரிலேயே ஒன்றுதான். அழைத்துப்போனேன். மாமா என்னைப் பார்க்காமல் அவரிடம் பேசினார்.

"வாங்க சார். என் வூட்டுக் கொசுவ வெச்சே பாருங்க. இவன் யோக்கியதை தெரியட்டும்."

விடியற்காலையில் அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்த கொசுக்களை அவர் ஒரு குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பிடித்தார். மருந்து தோய்த்த தாள் சுற்றிய குழாயில் கொஞ்சம் விட்டார். வெறும் தாள் சுற்றிய குழாயில் கொஞ்சம். தாள் அவர் கொண்டுவந்தது, என் கை படாதது. பிறகு எல்லாவற்றையும் சுத்தமான குழாய்களுக்கு மாற்றி, மறுநாள்வரை தறிக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

"கொசுவுக்குப் பந்தி போட்டுக்கினு கீறாங்க" என்று எதிர்வீட்டுக்காரி சிரித்தாள்.

என் சுவரில் சாகாத கொசு அவருடைய மருந்தில் செத்தால் என் மருந்து பொய், நான் திருடன். மலேரியா வேலைக்காரனான நான் அன்று முழுக்கக் கொசு சாகக்கூடாது என்று சாமியைக் கும்பிட்டேன்.

சாகவில்லை. மறுநாள் காலையில் மருந்துத் தாளில் கிடந்துவிட்டு வந்த கொசுக்களும் மற்றவற்றைப் போலவே பறந்துகொண்டிருந்தன.

"இவர் மேல தப்பு இல்லைங்க. மருந்து நல்ல மருந்துதான். கொசுதான் மாறிப்போச்சு" என்றார் ஆராய்ச்சிக்காரர்.

மாமா குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"அப்ப எதுக்குடா அடிச்ச?"

திருட்டு என்றால் திருடனை உதைத்திருக்கலாம். இங்கே உதைக்க யாருமில்லை. கொசு மருந்துக்குப் பழகிவிட்டதா என்று ஆராய்ச்சிக்காரரைக் கேட்டேன். ஒரு கொசு பழகிக்கொள்ள அதற்கு ஆயுசு போதாது என்றார். மருந்தைத் தாங்கும் கொசு ஆயிரத்திலோ லட்சத்திலோ ஒன்றாக முன்பே எங்கோ இருந்திருக்கிறது. தாங்காதவற்றையெல்லாம் நாங்கள் கொன்றோம். மிச்சமிருந்தது தன் பிள்ளைகளுக்கு அந்தக் குணத்தைக் கொடுத்தது. போதாததற்கு வயலில் கொட்டிய பூச்சிமருந்து, தேங்கிய தண்ணீரில் இருந்த கொசுப்புழுவையும் அதேபோல் சலித்துக் கொடுத்தது. முதுகில் பம்பைச் சுமந்து அந்தக் கொசுவுக்கு ஊரைக் காலிசெய்து கொடுத்தவர்கள் நாங்கள்தான்.

அக்கா பிழைத்தாள். வயிற்றில் இருந்தது தங்கவில்லை. எழுந்து நடமாடியதும் மாமாவிடம் சுண்ணாம்பு வாங்கிவரச் சொல்லி, அந்தச் சுவருக்கு அவளே அடித்தாள். என்னைக் கூப்பிடவில்லை.

எண்பதுகளில் வேறு மருந்து வந்தது. நாற்றம் தெருமுனைவரை அடிக்கும். ஆராய்ச்சிக்காரர் மறுபடியும் குழாய்களோடு வந்தார். மருந்தில் சாகும் கொசுவையும் தாங்கும் கொசுவையும் கூண்டில் சேரவிட்டுப் பார்த்ததாகவும், தாங்கும் குணம் மரபணு வழியாகத்தான் இறங்குகிறது என்றும் சொன்னார்.

"இந்தப் புது மருந்து எத்தினி நாளைக்கு சார்?" என்று கேட்டேன்.

"எங்கியோ ஒரு கொசு இதையும் தாங்கிக்கினு இருக்கும்பா."

அதைக் கேட்டபின்னும் பம்பைத் தூக்கிக்கொண்டு போனேன். வேறு என்ன வேலை எனக்குத் தெரியும்? அக்கா வீட்டுக் கதவையும் தட்டினேன். அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு வழிவிட்டாள்.

"அடிக்கிறதுனா அடிச்சிக்கோ. என்னிய நம்பச் சொல்லாத."

அடித்தேன். நான் அடித்து முடிப்பதற்குள் பின்பக்கம் தொட்டியில் அவள் போட்ட சுண்ணாம்புக்கல் கொதிக்கும் சத்தம் கேட்டது.